மழையில் தள்ளிப்போன கச்சேரியும் திரும்பி வராத டிக்கெட் பணமும்

கேள்வி: அம்மா, வணக்கம். நான் தஞ்சாவூரில் அரசுப் பள்ளி ஆசிரியர். சென்னையில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கும் ஓர் இசை நிகழ்ச்சிக்கு மனைவி, மகள், எனக்கு என்று மூன்று டிக்கெட்டுகளைச் செயலி வழியாக வாங்கியிருந்தேன். முதலில் அறிவித்த தேதிக்கு முந்தைய நாள் மாலை, கனமழை எச்சரிக்கை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். புதிய தேதி மகளின் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முதல் நாள். வர இயலாது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். 'உங்கள் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், பணம் திரும்பத் தரப்படாது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. போன வருடம் சென்னையில் படிக்கும் என் மகன் வேறொரு நிகழ்ச்சிக்கு, இன்ஸ்டாகிராமில் அறிமுகமான ஒருவரிடம் 2,000 ரூபாய் டிக்கெட்டை 7,000 ரூபாய்க்கு வாங்கினான். வாசலில், இந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஆள் உள்ளே போயாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் கட்டணம் நிர்ணயிக்கிற அரசாங்கம் கச்சேரி டிக்கெட்டை மட்டும் ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறது? என் பணம் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: வணக்கம் ஐயா. முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் மூன்று டிக்கெட் பணமும் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கு இன்றே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். செயலியில் 'புதிய தேதியை ஏற்கிறேன்' என்று ஏதாவது பொத்தான் வந்தால் அதை அழுத்த வேண்டாம். மகள் ஆசையில் அழுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குறித்த நேரத்தில் செய்வதுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்றால், அந்த நேரம் தவறியதும் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடுகிறது. கச்சேரி டிக்கெட்டில் நேரமும் தேதியும்தானே எல்லாம்? சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு என்று சொல்லித்தான் உங்களிடம் பணம் வாங்கினார்கள். ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வேறு நேரத்தில் செய்வதை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால், ஏற்றுக்கொள்ளும்போதே ஆட்சேபம் தெரிவித்திருந்தால் ஒழிய, தாமதத்துக்காக இழப்பீடு கேட்க முடியாது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சட்டம்தான். அந்தப் பொத்தானின் பெறுமதி அதில் அடங்கியிருக்கிறது.

'டிக்கெட் வாங்கும்போதே நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டீர்களே' என்று நிறுவனம் சொல்லும். மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்லும். மழைக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பது உண்மைதான். எச்சரிக்கையை மதித்து நிகழ்ச்சியைத் தள்ளிவைத்ததற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது சரியான முடிவு. நம்முடைய வழக்கு, நடக்காத நிகழ்ச்சிக்கு வாங்கிய பணத்தை இன்னமும் கையில் வைத்திருப்பதைப் பற்றியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய தொகையை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் முப்பது நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. பிரிவு 2, உட்பிரிவு 47. இதை உங்கள் கடிதத்தில் எண்ணோடு குறிப்பிடுங்கள். சட்டப்பிரிவு இல்லாத கடிதம் வாடிக்கையாளர் சேவை மேசையோடு நின்றுவிடும். பிரிவு எண் இருந்தால் அது நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் போகும்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற நிபந்தனையையே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவார்கள். நியாயமற்ற ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் அந்தக் கோரிக்கையை வைத்தால், எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே அதிகார வரம்பைக் கிளப்பும், மாதங்கள் ஓடிவிடும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டை மட்டும் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். அது போதும்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய ரசீது. ஆளுக்கு 2,500 வீதம் 7,500 ரூபாய். அதன்கீழே வசதிக் கட்டணம் 750. அதற்கு ஜிஎஸ்டி 135. கடைசியில் சிறிய எழுத்தில் நன்கொடை 6. மொத்தம் 8,391 ரூபாய். நிகழ்ச்சிப் பக்கத்தில் 2,500 என்று மட்டும்தான் போட்டிருந்தது, பணம் கட்டும் திரையில்தான் மீதி வந்தது என்கிறீர்கள். அந்த ஆறு ரூபாயை நீங்கள் தரச் சம்மதித்த நினைவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆறு ரூபாய்க்குப் போய் வழக்கா என்று நினைக்காதீர்கள். உங்கள் மனுவில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், நுகர்வோரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்த கட்டங்கள் மூலம் பெறக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஏமாற்றும் வடிவமைப்புகள் என்று பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது அதில் ஒன்று. விலையைச் சொட்டுச் சொட்டாகக் கடைசித் திரையில் காட்டுவது இன்னொன்று. 'இரண்டே இடம்தான் மிச்சம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் உண்டு. ரசீதின் நான்கு வரியில் இரண்டு இந்தப் பட்டியலில் விழுகின்றன. மழையோடு சம்பந்தமில்லாத இந்த இரண்டும், நிறுவனம் உங்களை நடத்திய முறையை மாவட்ட ஆணையத்தின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்.

வசதிக் கட்டணமே சட்டவிரோதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சினிமா டிக்கெட்டை இணையத்தில் விற்கும்போது அந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு போட்டிருந்த ஆணைகளை 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். கட்டணம் வாங்கலாம், ஆனால் முதலிலேயே காட்ட வேண்டும், நிகழ்ச்சி சொன்னபடி நடக்காதபோது அதையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பதே நம் வாதமாக இருக்கட்டும்.

எங்கே வழக்குப் போடுவது? சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ, சம்பவம் நடந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆசிரியர்கள் தாங்களே நடத்திய வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். வக்கீல்களான எங்களில் பலரைவிடத் தெளிவாக எழுதுகிறார்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நிகழ்ச்சி அமைப்பாளர், டிக்கெட் விற்ற செயலி இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் 'நாங்கள் வெறும் இடைத்தரகர்தான்' என்று மற்றது கையைக் கழுவிவிடும்.

ஆவணங்கள் விஷயத்தில் ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம்பெண் இதே போன்ற வழக்கோடு வந்தார். டிக்கெட் மின்னஞ்சல் இருந்தது, வங்கிக் கணக்கு விவரம் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவர் டிக்கெட் வாங்கிய நாளில் செயலியில் இருந்த நிபந்தனைப் பக்கம் அவரிடம் இல்லை. நாங்கள் திறந்து பார்த்தபோது அந்தப் பக்கம் மாறியிருந்தது. தேதி மாற்றத்தைப் பற்றி முன்பு இல்லாத ஒரு பத்தி அதில் வந்து உட்கார்ந்திருந்தது. முன்பு இல்லை என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. கிடைத்திருக்க வேண்டியதில் பாதிக்குச் சமரசம் செய்துகொண்டு போனார். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. ஆகவே நிபந்தனைப் பக்கம், நிகழ்ச்சிப் பக்கம், தள்ளிவைப்பு அறிவிப்பு, அவர்கள் அனுப்பிய இரண்டு வரிப் பதில் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி இன்றே படம் பிடித்து வையுங்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். ரயில் டிக்கெட் ரத்துக் கட்டணம், தங்கும் விடுதிக்குக் கட்டிய முன்பணம் இருந்தால் அவற்றின் ரசீதும் வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? டிக்கெட் பணமும், வட்டியும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகையும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று போட்டால் வழக்கை விசாரிப்பவருக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை குறையும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். அதனால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். வழக்கு வரைக்கும் போகாமல் அங்கேயே பணம் திரும்பியதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகன் விஷயம் கடினமானது, அதை மறைக்க விரும்பவில்லை. டிக்கெட்டில் இருக்கும் க்யூஆர் கோடு என்ற அந்தச் சதுரக் கட்டக் குறியீட்டை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் படமாக அனுப்பலாம். வாசலில் யார் முதலில் காட்டுகிறாரோ அவருக்குப் பச்சை விளக்கு எரியும், அடுத்து வருகிற எல்லோருக்கும் சிவப்பு. அந்த ஆள் ஒரே டிக்கெட்டை நான்கைந்து பிள்ளைகளுக்கு விற்றிருப்பான். உங்கள் மகன் இரண்டாவதாகவோ ஐந்தாவதாகவோ போயிருக்கிறான். அதிகாரபூர்வமாக வாங்காத டிக்கெட் என்பதால் அமைப்பாளர் மேல் வழக்கு நிற்பது கஷ்டம். விற்றவன் மேல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின் கீழ் மோசடிப் புகார் கொடுக்கலாம். பணம் யுபிஐ வழியாகப் போயிருந்தால் பரிமாற்ற எண் இருக்கும். இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழைத்திருந்தால் பணம் அவன் கணக்கிலேயே முடக்கப்பட வாய்ப்பு இருந்திருக்கும். ஒரு வருடம் கழித்து அது அரிது. இருந்தாலும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பிளாக்கில் வாங்கியதற்காக நம்மையே பிடிப்பார்களோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. அவன் ஏமாற்றப்பட்டவன். அவனைத் திட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

இனி, அரசாங்கம் ஏன் இதை விட்டுவைத்திருக்கிறது என்ற உங்கள் கேள்வி. சினிமாவுக்குத் தமிழ்நாட்டில் 1955லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. தியேட்டர் என்பது உரிமம் பெற்ற ஒரே கட்டடம், நிலையான இருக்கைகள், தினமும் காட்சி. அதனால் விலைக்கு உச்சவரம்பு வைப்பது அரசுக்குச் சுலபமாக இருந்தது. அப்படியிருந்தும் பெரிய நடிகர் படத்தின் முதல் நாள் காட்சிக்கு என்ன நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். கச்சேரி ஒரு மைதானத்தில் ஒரு நாள் முளைத்து மறுநாள் மறைந்துவிடுகிறது. காவல்துறை அனுமதி, தீயணைப்புத் துறை அனுமதி, வரி எல்லாம் கேட்கிறார்கள். டிக்கெட்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

2024 செப்டம்பரில் பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக்குழுவின் நவி மும்பை நிகழ்ச்சிக்கு விற்பனை தொடங்கியபோது, ஒருவருக்கு நான்கு டிக்கெட் என்று வரம்பு வைத்திருந்தும் நிமிடங்களில் தீர்ந்துபோய், மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களில் விலை பேசினார்கள். அமலாக்கத் துறை பல ஊர்களில் சோதனை போட்டது. ஒரு வக்கீல் பொதுநல வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இதற்குச் சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் வேலை, எங்களுடையது இல்லை என்பது அதன் நிலை. எனக்கு வருத்தம்தான், ஆனால் சட்டப்படி அதில் தவறு காண முடியவில்லை.

இங்கே நம் மக்கள் அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33ஆவது இனம் நாடகம், விளையாட்டு, கேளிக்கை ஆகியவற்றை மாநிலத்தின் கையில் கொடுத்திருக்கிறது. டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் நினைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே ஒரு மசோதா கொண்டுவரலாம்.

அந்தச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மறுவிற்பனை விலைக்குத் தடை என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஜப்பானில் 2019 ஜூனிலிருந்து, அமைப்பாளர் சம்மதமில்லாமல் டிக்கெட்டைத் தொழிலாகக் கூடுதல் விலைக்கு விற்றால் ஓராண்டு வரை சிறை. அயர்லாந்து 2021இல் சட்டம் போட்டது. பிரிட்டன் 2025 நவம்பரில், வாங்கிய விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2017 சட்டத்தில் 50 சதவீத வரம்பு ஒன்றை எழுதிவைத்து, நடைமுறைக்குக் கொண்டுவராமலே நீக்கிவிட்டது. தடை வேண்டும்தான். ஆனால் கள்ளச்சந்தை மறுவிற்பனையில் தொடங்குவதில்லை, முதல் விற்பனையின் இருட்டில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 2016இல் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டார். பெரிய கச்சேரிகளின் டிக்கெட்டுகளில் சராசரியாக 54 சதவீதம், பொது விற்பனை தொடங்கும் முன்பே கலைஞர்கள், அரங்கம், அமைப்பாளர்கள் சார்ந்தவர்களுக்கும், குறிப்பிட்ட கார்டு வைத்திருப்பவர்கள் போன்றோருக்கான முன்விற்பனைக்கும் போய்விடுகிறது என்று அது சொன்னது. மிச்சம் இருப்பதில், யு2 என்ற அயர்லாந்து இசைக்குழுவின் ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு கணினி நிரல் ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட்டுகளை வாங்கியிருந்தது. அதே 2016இல் அமெரிக்கா அப்படிப்பட்ட நிரல்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நம் ஊரில் காலை பத்து மணிக்கு விற்பனை திறந்து பத்து ஐந்துக்கு முடிந்துவிட்டது என்றால், உண்மையில் எத்தனை டிக்கெட் திறந்தது என்று கேட்க நமக்கு ஒரு வழியும் இல்லை.

அளவுக்கு மேல் விற்பதும் அந்த இருட்டில்தான் நடக்கும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியும் உங்களுடையதைப் போல மழையால் ஒரு முறை தள்ளிவைக்கப்பட்டு நடந்ததுதான். கையில் டிக்கெட்டோடு போன பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் சிக்கினார்கள். அமைப்பாளர்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார்கள், டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மானே அறிவித்தார். அன்று மக்களுக்கு ஆறுதல் கிடைத்தது ஒரு கலைஞரின் மனசாட்சியால். எல்லா மேடையிலும் அது இருக்கும் என்று நம்பி ஒரு மாநிலம் இருக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. விற்பனை தொடங்கும் முன், மைதானத்தின் கொள்ளளவு எவ்வளவு, பொதுமக்களுக்கு எத்தனை, கார்டுக்காரர்களுக்கு எத்தனை என்று அனுமதி தரும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, அதைச் செயலியிலும் போட வேண்டும். வசூலான பணத்தில் பெரும்பகுதி நிகழ்ச்சி முடியும் வரை தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீடு கட்டித் தருபவர்கள் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டாயப்படுத்தியபோது, தொழிலே நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. தேதி மாறினால், வருவதா பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே இருக்க வேண்டும். வர முடியாதவர் அதே செயலியில், வாங்கிய விலைக்கே, இன்னொருவருக்கு டிக்கெட்டை மாற்றிவிட வழி இருக்க வேண்டும். அந்த வழி இருந்திருந்தால் உங்கள் மகன் இன்ஸ்டாகிராமுக்குப் போயிருக்கவே தேவையில்லை. உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். நானும் என் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்கு, செயலியின் குறைதீர் அலுவலருக்கு இன்று இரவே இந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். அவர் பெயரும் முகவரியும் செயலியிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

'இன்ன பதிவு எண்ணில், இன்ன தேதி நிகழ்ச்சிக்கு மூன்று டிக்கெட்டுகளுக்காக 8,391 ரூபாய் செலுத்தினேன். அந்தத் தேதியில் நிகழ்ச்சி நடக்கவில்லை. நீங்கள் அறிவித்த புதிய தேதியை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 55இன் கீழ் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். வசதிக் கட்டணமும், என் சம்மதமின்றிச் சேர்த்த நன்கொடையும் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்கிறேன். தவறினால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.'

48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அமைப்பாளருக்கும் ஒரு நகலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கடந்தும் பணம் வரவில்லை என்றால், அந்தச் சான்றோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். மனுவின் வரைவை நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன். மகளுக்குத் தேர்வு நல்லபடியாக அமையட்டும்.